கிட்னி நோய்க்கு ஜீன் டெஸ்ட் எடுக்கணுமா? டயாலிசிஸ் வார்டு பெஞ்சுல எல்லாரும் கேக்குற கேள்விகள்

அப்பாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பிச்சப்ப அவருக்கு 53 வயசு. வாரத்துல மூணு நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம், உள்ள அவரு மெஷின்ல, வெளிய நான் பெஞ்சுல. அந்த பெஞ்சுல பழக்கமானவங்கதான் இன்னைக்கும் போன் பண்ணி கேப்பாங்க, "தம்பி, உங்க அப்பாவுக்கு ஏதோ ஜீன் டெஸ்ட் எடுத்தீங்களாமே, எங்களையும் எடுக்க சொல்றாங்க, எடுக்கவா வேணாமா?" ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிச்சு போச்சு, அதான் மொத்தமா எழுதிட்டேன். நான் டாக்டர் இல்ல. வீட்டுக்குள்ள நோய் வந்ததால படிச்சவன், டாக்டர நச்சரிச்சு கேட்டு தெரிஞ்சுக்கிட்டவன், அவ்ளோதான். மருந்து மாத்திரை விஷயத்துல உங்க நெஃப்ராலஜிஸ்ட், அதாவது கிட்னி டாக்டர், சொல்றதுதான் கணக்கு.

கிட்னி ஃபெயிலியர்னாலே பரம்பரை வியாதியா?

பெரும்பாலும் இல்லங்க. டயாலிசிஸ்ல படுத்திருக்குறவங்கள்ல நெறைய பேருக்கு காரணம் சுகர், இல்லன்னா பிபி. ஆனா ஒரு பங்கு பேருக்கு ஒரே ஒரு ஜீன்ல இருக்குற கோளாறுதான் மொத்த காரணமும். அமெரிக்காவுல கொலம்பியா யுனிவர்சிட்டி தலைமையில 3,315 கிட்னி நோயாளிங்களோட ஜீன பாத்து 2019ல வெளியிட்டாங்க, அதுல 307 பேருக்கு, அதாவது நூத்துக்கு ஒம்பது பேருக்கு மேல, காரணம் ஜீன்ல கெடைச்சுது. "காரணம் தெரியல"ன்னு ஃபைல்ல எழுதி வச்சிருந்தவங்கள மட்டும் எடுத்துக்கிட்டா நூத்துக்கு 17 பேருக்கு பதில் வந்துச்சு. எனக்கு அந்த ரெண்டாவது நம்பர்தான் பெருசா பட்டுச்சு.

அதுக்காக காரணம் தெரியாத கிட்னி நோய் எல்லாத்தையும் ஜீன் தலையில போட்றாதீங்க. இலங்கையில வடமத்திய மாகாணத்துல, ஆந்திராவுல உத்தானம் பக்கம், காட்டுல மேட்டுல உழைக்குறவங்களுக்கு ஊர் ஊரா வர்ற கிட்னி நோய் இருக்கு, அங்க வெயில், தண்ணி, பூச்சி மருந்துன்னு சந்தேகம் பல பக்கம் ஓடுது. ஒரு ஊரே படுக்குறது வேற, ஒரு குடும்பம் மட்டும் படுக்குறது வேற.

எனக்கு இருபது வருஷமா சுகர், இப்ப கிரியேட்டினின் (கிட்னி வேலை கொறைஞ்சா ரத்தத்துல ஏறுற கழிவு) ஏறிடுச்சு, நானும் எடுக்கணுமா?

சுகரால கண்ணுலயும் பாதிப்பு இருக்கு, யூரின்ல புரோட்டீனும் போகுதுன்னா காரணம் கண்ணு முன்னாடியே இருக்கு. அந்த காச மருந்துக்கு வச்சுக்கோங்க.

அப்ப யாருதான் எடுக்கணும்?

சின்ன வயசுலயே கிட்னி கெட்டுப்போனவங்க. வீட்டுல இன்னொருத்தருக்கும் கிட்னி பிரச்சனை இருக்குறவங்க. யூரின்ல ரத்தம் போறதோட காதும் மந்தமா இருக்குறவங்க, குறிப்பா பையன்கள். முகம் கால் வீங்கி நெஃப்ராடிக்னு சொல்லி ஸ்டீராய்டு குடுத்தும் கேக்காத கொழந்தைங்க. பத்து வயசுக்குள்ளயே கிட்னில கல்லு மேல கல்லா வர்ற கொழந்தைங்க. அப்பா அம்மா சொந்தத்துல கட்டியிருந்து, பிள்ளைக்கு காரணம் புரியாம கிரியேட்டினின் ஏறுனா. அப்புறம் ரொம்ப பேர் விட்டுடுற ஒரு கூட்டம் இருக்கு, ஆஸ்பத்திரிக்கு வரும்போதே ரெண்டு கிட்னியும் சுருங்கிப் போயி, இனிமே பயாப்சி, அதாவது கிட்னில துளி சதை எடுத்துப் பாக்குறது, எடுத்தாலும் ஒன்னும் தெரியாதுங்கிற நெலமையில இருக்குற இளவட்டங்க. சுருங்குன கிட்னி பேசாது, ஆனா ரத்தத்துல ஜீன் அப்படியேதான் இருக்கும்.

இதுல எதுவா இருந்தாலும் ரத்தம் குடுக்குறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட ஒரு கேள்வி கேளுங்க: "ரிசல்ட் இப்படி வந்தா என்ன மாத்துவீங்க, அப்படி வந்தா என்ன மாத்துவீங்க?" மருந்து மாறுமா, டோனர் மாறுவாங்களா, பிள்ளைங்கள பாக்குற விதம் மாறுமா. எதுவுமே மாறாதுன்னு அவரே சொன்னாருன்னா, அவசரம் இல்ல, அடுத்த வருஷம்கூட எடுத்துக்கலாம்.

எங்க வம்சத்துலயே யாருக்கும் கிட்னி பிரச்சனை கெடையாதே?

நாங்களும் இதத்தான் சொன்னோம். அப்பாவுக்கு ரெண்டு கிட்னியும் ஃபுல்லா நீர்க்கட்டி, ஒவ்வொன்னும் பெருசாகி வயிறு தொப்பை மாதிரி முட்டிக்கிட்டு இருக்கும், ஆனா "எங்க குடும்பத்துல யாருக்கும் இல்ல டாக்டர்"னு அவரு அடிச்சு சொன்னாரு. அந்த டாக்டரம்மா மறுத்துப் பேசல. ஸ்கேன் கவர திருப்பி போட்டு பேனாவால வரைய ஆரம்பிச்சாங்க, ஆம்பளைன்னா சதுரம், பொம்பளைன்னா வட்டம், நோய் இருந்தா உள்ள கருப்பா தீட்டணும், இறந்துட்டா குறுக்க ஒரு கோடு.

"உங்க அப்பா எப்படி இறந்தாரு?" "கை கால் வீங்கி, மூச்சு வாங்கி, கடைசில நீரே இறங்கல." "என்ன வயசு?" "அம்பத்தஞ்சு இருக்கும், மஞ்சக்காமாலைன்னு மருந்து குடுத்தாங்க." சதுரத்த தீட்டிட்டாங்க. "கூடப் பொறந்தவங்க?" "ஒரு தம்பி, ஒரு அக்கா. அக்கா 44 வயசுல போயிட்டா, அடுப்படில தலைய பிடிச்சுட்டு உக்காந்தவ எந்திரிக்கல, காத்துகருப்பு அடிச்சிருச்சுன்னு ஊர்ல பேச்சு." பேனா அந்த வட்டத்துக்கு மேல நின்னுடுச்சு. இந்த நோய்ல மூளை ரத்தக்குழாய்ல குமிழ் மாதிரி வீங்கி சில பேருக்கு வெடிக்கும்னு அப்பதான் சொன்னாங்க, அத்தைக்கு அதுதானான்னு இனிமே நிச்சயமா சொல்ல முடியாது, ஆனா சந்தேகம் வலுவா இருக்குன்னாங்க. அப்பா அதுக்கப்புறம் ரொம்ப நேரம் பேசல. முப்பது வருஷமா பேய்னு நெனச்சுட்டு இருந்திருக்காரு.

அதனால "யாருக்கும் இல்ல"ங்கிறதுக்கு முன்னாடி வீட்டுல வயசானவங்கள உக்கார வச்சு யார் யார் எப்படி செத்தாங்கன்னு கேளுங்க. கிட்னின்னு யாரும் சொல்ல மாட்டாங்க, வீக்கம், வாந்தி, நீர் இறங்கல, பக்கவாதம், திடீர் சாவுன்னுதான் சொல்லுவாங்க. நெஜமாவே யாருக்கும் இல்லாம புதுசாவும் வரலாம், நீர்க்கட்டி நோய்ல பத்து பேர்ல ஒருத்தருக்காவது அப்படித்தான் வருது.

நீர்க்கட்டின்னா பொம்பளைங்களுக்கு கர்ப்பப்பையில வருதே, அதுவா?

இல்லவே இல்ல. பேரு ஒன்னா இருக்குறதால வர்ற கொழப்பம். மாதவிடாய் தள்ளிப்போற பிசிஓடி வேற, அது கர்ப்பப்பைக்கு பக்கத்துல இருக்குற சினைப்பையில வர்றது, அதுக்கும் கிட்னிக்கும் சம்பந்தம் கெடையாது. இன்னொன்னு, அறுபது வயசுக்காரருக்கு ஸ்கேன்ல ஒன்னு ரெண்டு கட்டி தெரிஞ்சா அது பெரும்பாலும் வயசுக்கு வர்றது, பரம்பரை நோய் இல்ல.

கட்டிதான் ஸ்கேன்லயே தெரியுதே, அப்புறம் எதுக்கு ஜீன் டெஸ்ட்?

அப்பா மாதிரி ரெண்டு கிட்னியும் பெருசாகி கட்டியா நெறைஞ்சிருந்தா, நோயத் தெரிஞ்சுக்க மட்டும்னா தேவையே இல்ல, ஸ்கேனே போதும். சிக்கல் பிள்ளைங்களுக்குதான். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ நோய் இருந்து, 15லருந்து 39 வயசுக்குள்ள ரெண்டு கிட்னிலயும் சேத்து மூணு கட்டியாவது இருந்தா உறுதின்னு சொல்லுவாங்க. 40லருந்து 59ன்னா ஒவ்வொரு கிட்னிலயும் ரெண்டு ரெண்டாவது இருக்கணும். 60க்கு மேலன்னா ஒவ்வொன்னுலயும் நாலு.

எனக்கு அப்ப 29 வயசு, ஒரே ஒரு கட்டி, வலது பக்கம், ஒரு சென்டிமீட்டர்கூட இல்ல. ஸ்கேன் எடுத்தவரு "நார்மல்தான் சார், போங்க"ன்னு சொல்லிட்டாரு, அம்மா பிள்ளையாருக்கு தேங்காயே உடைச்சுட்டாங்க. டாக்டரம்மா மட்டும் ஒத்துக்கல, இந்த வயசுல ஒன்னு இருக்குறத வச்சு இருக்குன்னும் சொல்ல முடியாது இல்லன்னும் சொல்ல முடியாது, ஜீன பாத்தாதான் ஆச்சுன்னாங்க. அந்த இடத்துலதான் டெஸ்ட்டுக்கு மதிப்பு.

எப்படி எடுப்பாங்க? யாருக்கு மொதல்ல?

கையில ஒரு டியூப் ரத்தம், வெறும் வயிறெல்லாம் வேணாம். சில இடத்துல எச்சில் எடுக்குறதும் உண்டு. சமீபத்துல ரத்தம் ஏத்தியிருந்தா மட்டும் முன்னாடியே சொல்லிடுங்க. ரிசல்ட் வர்றதுக்கு ரெண்டு நாள் மூணு நாள்னு நெனைக்காதீங்க, வாரக்கணக்குல ஆகும்.

மொதல்ல எடுக்க வேண்டியது நோய் இருக்குறவருக்கு. இத தலைகீழா பண்ணி காச விட்டவங்கள எனக்கு தெரியும், டயாலிசிஸ்ல இருக்குற அம்மாவ விட்டுட்டு நல்லா இருக்குற மகளுக்கு எடுத்தாங்க, ஒன்னும் இல்லன்னு வந்துச்சு, ஆனா அம்மாவோட தப்பு எந்த ஜீன்ல இருக்குன்னே தெரியாதப்ப மகள்ட்ட இல்லன்னு எப்படி நம்புறது? நோயாளியோட ஜீன்ல கோளாறு, அதாவது எழுத்துப்பிழை, எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சுட்டா, மத்தவங்களுக்கு அந்த ஒரு இடத்த மட்டும் பாத்தா போதும். செலவும் ரொம்ப கொறையும்.

டெஸ்ட்ல ஒன்னும் இல்லன்னு வந்துடுச்சு, நிம்மதியா இருக்கலாமா?

இதுல எங்களுக்கே அடி விழுந்துச்சு. அப்பாவுக்கு மொதல்ல எக்ஸோம்னு ஒரு டெஸ்ட் எடுத்தோம், ஆயிரக்கணக்கான ஜீன ஒரே நேரத்துல படிக்குற டெஸ்ட். அஞ்சு வாரம் கழிச்சு "நோய் உண்டாக்கும் மாற்றம் எதுவும் காணப்படவில்லை"ன்னு வந்துச்சு. எங்களுக்கு தலைகால் புரியல, கிட்னி ஃபுல்லா கட்டி இருக்கு, ஜீன்ல ஒன்னும் இல்லையாம். டாக்டரம்மா ரிப்போர்ட்டோட மொத பக்கத்த பாக்கவே இல்ல, நேரா கடைசி பக்கத்துக்கு போனாங்க, அங்க பொடி எழுத்துல பிகேடி1 ஜீனோட பல பகுதிய சரியா படிக்க முடியலன்னு போட்டிருந்துச்சு.

விஷயம் என்னன்னா, நீர்க்கட்டி நோய் பெரும்பாலும் ரெண்டு ஜீனால வருது. பிகேடி1 பதினாறாவது குரோமோசோம்ல (ஜீன்கள சுமக்குற இழை), 1994ல கண்டுபிடிச்சாங்க. பிகேடி2 நாலாவதுல, 1996ல. நாலுல மூணு குடும்பத்துக்கு மொதல் ஜீன்தான். ஆனா இந்த பிகேடி1க்கு அதே குரோமோசோம்லயே ஆறு போலி ஜீன் இருக்கு, கிட்டத்தட்ட அச்சு அசல் அதே எழுத்து, வேலை மட்டும் செய்யாது. ஒரே இனிஷியல் ஒரே பேர்ல ஏழு பேர் ஒரே தெருவுல இருந்தா தபால்காரர் என்ன பண்ணுவாரு, அதே கதைதான், மெஷினு எந்த எழுத்து எந்த ஜீனுதுன்னு தெரியாம விட்டுடும். அசல மட்டும் தனியா பிரிச்செடுத்து படிக்குற முறை இருக்கு, அதுல திரும்ப எடுத்தோம், பிழை பிகேடி1லதான் உக்காந்திருந்துச்சு. ரெண்டு தடவை காசு.

அதனால நீர்க்கட்டின்னா ரத்தம் குடுக்குறதுக்கு முன்னாடியே "பிகேடி1 முழுசா படிப்பீங்களா"ன்னு லேப்ல கேளுங்க. இதே மாதிரி எம்யூசி1னு ஒரு ஜீன் இருக்கு, கட்டியும் இருக்காது, யூரினும் சுத்தமா இருக்கும், கிட்னி மட்டும் சத்தமில்லாம போகும், சாதா டெஸ்ட்ல அந்த பிழையும் பெரும்பாலும் மாட்டாது. ஒன்னும் கெடைக்கலங்கிறதும் ஒன்னும் இல்லங்கிறதும் ஒன்னு இல்ல.

"அர்த்தம் உறுதியாகாத மாற்றம்"னு ரிப்போர்ட்ல வந்திருக்கு, பயப்படணுமா?

பயப்படவும் வேணாம், அத வச்சு எந்த முடிவும் எடுக்கவும் வேணாம். ஜீன்ல ஒரு எழுத்து மாறியிருக்கு, அது நோய் பண்ணுமா இல்ல சும்மா உங்க குடும்பத்து சாடையான்னு இன்னும் தெரியலன்னு அர்த்தம். நம்ம ஆளுங்களுக்கு இது அதிகமா வருது, ஏன்னா ஒப்பிட்டு பாக்க வச்சிருக்குற ஜீன் தகவல்ல பெரும்பங்கு ஐரோப்பாகாரங்களோடது. நம்ம நாட்டுல ஜீனோம் இந்தியா திட்டத்துல பத்தாயிரம் பேரோட ஜீன் தகவல 2025 ஜனவரில வெளியிட்டாங்க, அது மாதிரி சேரச்சேர இந்த சந்தேக கேஸ் கொறையும். இப்போதைக்கு செய்யக்கூடியது, வீட்டுல நோய் இருக்குற இன்னொருத்தருக்கும் அதே மாற்றம் இருக்கான்னு பாக்குறது. ரெண்டு வருஷம் கழிச்சு அதே ரிப்போர்ட்ட திரும்ப அலச சொல்லியும் கேக்கலாம், நோய் பண்ணும், பண்ணாதுங்கிற முடிவு மாறி வர்றது உண்டு.

பேரு தெரிஞ்சு என்னங்க ஆகப்போகுது, மருந்தா இருக்கு?

இந்த கேள்விய சலிச்சுப்போயி கேக்குறவங்கதான் அதிகம், பதிலும் நோய்க்கு நோய் வேற.

ஆல்போர்ட்னு ஒன்னு, 1927ல அத எழுதுன டாக்டரோட பேரு. கிட்னி சல்லடைல இருக்குற ஒரு வகை கொலாஜன் சரியா அமையாது, அதே கொலாஜன் காதுலயும் கண்ணுலயும் இருக்குறதால காதும் மந்தமாகும். எக்ஸ் குரோமோசோம் வழியா வந்த பையன்கள்ல பாதி பேருக்கு 25 வயசுக்குள்ள கிட்னி போயிடும். ஆனா சின்ன வயசுலயே கண்டுபிடிச்சு ராமிப்ரில் மாதிரி மாத்திரைய ஆரம்பிச்சா டயாலிசிஸ் வருஷக்கணக்குல தள்ளிப்போகுது. ஒரு பட்டை சில பத்து ரூபாய்க்கு கெடைக்குற மாத்திரை! டெஸ்ட் எடுத்து பேரு தெரிஞ்சதோட லாபம் இதுதான். கர்ப்பமா இருக்குற பொண்ணுங்க மட்டும் இந்த மாத்திரைய சாப்பிடக்கூடாது.

நெஃப்ராடிக் கொழந்தைங்களுக்கு லாபம் எதிர்திசைல, மருந்த நிறுத்துறதுல. என்பிஎச்எஸ்2 மாதிரி ஜீன் கோளாறுன்னு தெரிஞ்சா ஸ்டீராய்டு கேக்காது, முகம் நிலா மாதிரி உப்பி, வளர்த்தி நின்னு, எலும்பு பலவீனமாகி கஷ்டப்படுறதுதான் மிச்சம். நிறுத்திடலாம். பின்னாடி கிட்னி மாத்துனாலும் புதுசுல அதே நோய் திரும்புற வாய்ப்பு கம்மிங்கிறதும் ஒரு ஆறுதல்.

எனக்கு ரொம்ப வயித்தெரிச்சலான கேஸ் ஆக்ஸலேட் நோய். தப்பு ஈரல்ல, அடி வாங்குறது கிட்னி. ஈரல் ஆக்ஸலேட்ட கொட்டிக்கிட்டே இருக்கும், அது கல்லாகி கல்லாகி கிட்னி போயிடும். இது தெரியாம வெறும் கிட்னிய மட்டும் மாத்துனா புதுக் கிட்னியும் அதே மாதிரி கல்லு அடைச்சு போயிடும். ஒரு அம்மா குடுத்த கிட்னி இப்படி மாசக்கணக்குல வீணாப் போச்சுன்னா அந்த வீட்டுல எப்படி தூங்குவாங்க? முன்னாடியே ஜீன் தெரிஞ்சா ஈரலும் கிட்னியும் சேத்து மாத்துறத பத்தி யோசிப்பாங்க, சில வகைக்கு வைட்டமின் பி6 நல்லா கேக்கும், 2020ல லுமாசிரான்னு ஒரு ஊசியும் வெளிநாட்டுல அனுமதி ஆயிருக்கு, வெலையக் கேட்டா மயக்கம் வரும்.

ஒரு என்சைம் கொறைஞ்சு கொழுப்பு செல்லுல தேங்குற ஃபேப்ரி நோய்க்கு ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை அந்த என்சைம ஏத்துறாங்க, சிஸ்டின்ங்கிற பொருள் செல்லுல சேர்ற சிஸ்டினோசிஸ்க்கு சிஸ்டியமின் மருந்து இருக்கு. எங்களோட நீர்க்கட்டி நோய்க்கு டோல்வாப்டான்னு ஒரு மாத்திரை, கட்டி வளர்ற வேகத்த கொறைக்கும், குணமாக்காது. தாகம் எடுத்து எடுத்து லிட்டர் கணக்குல தண்ணி குடிச்சு லிட்டர் கணக்குல போகணும், ஈரல் டெஸ்ட் அடிக்கடி பாக்கணும், பஸ் கண்டக்டர் வேலை பாக்குறவரு எப்படி சாப்பிடுவாருன்னு நீங்களே யோசிங்க. எல்லாருக்கும் தர மாட்டாங்க, வேகமா போற ஆளுங்களுக்குதான்.

என் கிட்னி எந்த வயசுல போகும்னு ஜீன் சொல்லுமா?

தேதி சொல்லாது, ஜோசியம் இல்ல. தோராயமா சொல்லும். பிகேடி1ல அந்த ஜீன் செய்யுற புரோட்டீனே பாதில அறுந்துபோற மாதிரி பிழைன்னா சராசரியா 55 வயசு வாக்குல, அறுந்துபோகாத பிழைன்னா 67 வாக்குல, பிகேடி2ன்னா 79 வாக்குல டயாலிசிஸ் வரைக்கும் போறாங்கன்னு பிரான்ஸ்ல பாத்த கணக்கு. அப்பாவோடது மொதல் வகை, 53, கணக்கா இருக்கு பாருங்க. ஆனா ஒரே வீட்டுல ஒரே பிழையோட அண்ணன் 50ல டயாலிசிஸ் போயி தம்பி 65லயும் கடைக்கு போயிட்டு இருக்குறதும் உண்டு. பிபிய எப்படி வச்சிருக்கோங்கிறது, எம்ஆர்ஐல கிட்னியோட சைஸ் இதெல்லாம் சேத்துதான் பாக்கணும்.

சொந்தக்காரங்க கிட்னி குடுக்குறாங்க, அவங்களுக்கு டெஸ்ட் கட்டாயமா?

நோய் பரம்பரைன்னா என்னை பொறுத்தவரைக்கும் கட்டாயம், இதுல மட்டும் நான் விட்டுக்குடுக்க மாட்டேன். நம்ம நாட்டு சட்டப்படி நெருங்கின சொந்தம்னா பெத்தவங்க, பிள்ளைங்க, கூடப்பொறந்தவங்க, புருஷன் பொண்டாட்டி, 2011 திருத்தத்துக்கு அப்புறம் தாத்தா பாட்டி பேரப்பிள்ளைங்களும். இதுல புருஷன் பொண்டாட்டிய தவிர எல்லாரும் ஒரே ரத்தம், அதாவது அதே நோய் ஒளிஞ்சிருக்க வாய்ப்புள்ள ரத்தம்.

எங்க வீட்டுல அம்மாவுக்கு சுகர், குடுக்க முடியாது. நான் குடுக்குறேன்னு நின்னேன், ஒரே ஒரு கட்டிதானேன்னு. அப்பாவோட பிழை தெரிஞ்சதும் எனக்கும் அக்காவுக்கும் அந்த ஒரு இடத்த மட்டும் பாத்தாங்க. எனக்கு இருக்கு. அக்காவுக்கு இல்ல. அன்னைக்கு மட்டும் ஸ்கேன நம்பி நான் குடுத்திருந்தா, அப்பாவுக்கும் நோயுள்ள கிட்னி, எனக்கு மிச்சம் ஒன்னும் நோயுள்ள கிட்னி.

அக்கா குடுத்தா. அப்பா ஒரு மாசம் ஒத்துக்கவே இல்ல, "கட்டிக்குடுத்த பிள்ளகிட்ட போயி வாங்குறதா"ன்னு அழுதாரு, கடைசில மச்சான்தான் வந்து உக்காந்து "மாமா, எங்க வீட்டுல யாரும் ஒன்னும் சொல்லல, அவ முடிவு பண்ணிட்டா"ன்னு பேசி முடிச்சாரு. அக்காவுக்கு அதுக்குள்ள ரெண்டு பிள்ளைங்க இருந்துச்சு, எம்ஆர்ஐயும் சுத்தமா வந்துச்சு.

ஆல்போர்ட்ல பையனுக்கு அம்மா குடுக்க முன்வர்றப்ப இன்னும் கவனம் வேணும். அம்மாவுக்கும் அந்த ஜீன் ஒன்னு இருக்க நெறைய வாய்ப்பு, வெளிய நல்லா இருப்பாங்க, யூரின்ல கண்ணுக்கு தெரியாத ரத்தம் மட்டும் போகும், ஒரு கிட்னிய குடுத்துட்டா பின்னாடி மிச்சம் இருக்குறதுக்கு ஆபத்து.

என் பிள்ளைங்களுக்கு இப்பவே எடுத்துடலாமா?

நோயப் பொறுத்தது. ஆல்போர்ட்னா சீக்கிரம் எடுக்கணும், மாத்திரை சின்ன வயசுலயே ஆரம்பிக்கணும்ல. எங்க நோய்க்கு 18 வயசுக்கு முன்னாடி பொதுவா ஜீன் டெஸ்ட் எடுக்குறதில்ல, வருஷத்துக்கு ஒரு தடவை பிபி பாத்தா போதும்னு சொல்றாங்க. என் பொண்ணுக்கு நாலு வயசு, ரெண்டுல ஒரு வாய்ப்பு அவளுக்கும் உண்டு. ரெண்டு பிள்ளை இருந்தா ஒருத்தருக்கு கண்டிப்பா வரும்னு இதுக்கு அர்த்தம் இல்ல, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியா காச சுண்டிவிடுற மாதிரி. அவ பெரியவளாகி அவளே முடிவு பண்ணட்டும்னு நானும் வீட்டம்மாவும் விட்டுட்டோம்.

சொந்தத்துல கல்யாணம் பண்ணதாலதான் வந்துச்சுன்னு சொல்றாங்களே?

பாதி உண்மை. எங்க நீர்க்கட்டி நோய்க்கு அப்பா அம்மா யாராவது ஒருத்தர்ட்ட இருந்தா போதும், அசலூர்ல பொண்ணு எடுத்தாலும் வரும். ஆனா இன்னொரு வகை இருக்கு, அப்பாகிட்ட ஒன்னு அம்மாகிட்ட ஒன்னுன்னு ரெண்டு பிழையும் சேந்தாதான் நோய். கொழந்தைங்களுக்கு வர்ற நெஃப்ரோனோஃப்திசிஸ், சிஸ்டினோசிஸ், ஆக்ஸலேட் நோய், ஸ்டீராய்டு கேக்காத நெஃப்ராடிக்ல பல வகை இதுல வரும். அத்தை மகன் மாமா மகள் கட்டுனா எட்டுல ஒரு பங்கு ஜீன் ரெண்டு பேருக்கும் பொதுவா இருக்கும், தாய்மாமன் அக்கா மகள்னா நாலுல ஒரு பங்கு. ஒளிஞ்சிருக்குற பிழை ரெண்டும் சந்திக்க அவ்ளோ வாய்ப்பு.

ஆனா வந்துட்ட பிறகு "உங்க அம்மா பேச்ச கேட்டுத்தானே கட்டுனேன்"னு சண்டை போடுறதுல அர்த்தம் இல்ல, டயாலிசிஸ் வார்டுல அப்படி ஒரு ஜோடிய பாத்திருக்கேன், பையன் உள்ள படுத்திருக்கான், வெளிய ரெண்டு குடும்பமும் தனித்தனி பெஞ்சு. டாக்டர்கிட்ட "நாங்க சொந்தம்"னு மறைக்காம சொல்லுங்க, அது ஒன்னே அவங்களுக்கு பாதி வழிய காட்டிடும்.

அடுத்த கொழந்தைக்கு முன்னாடியே பாக்க முடியுமா?

முடியும். ஒரு கொழந்தைக்கு கடுமையான நோய் இருந்து பிழை எதுன்னு தெரிஞ்சிருந்தா, கர்ப்பத்துல மூணு மாச வாக்குலயே பாக்கலாம், டெஸ்ட் டியூப் முறைலன்னா கருவ வைக்கிறதுக்கு முன்னாடியே பாக்கலாம். பதிவு பண்ண சென்டர்லதான் செய்யணும், நோய மட்டும்தான் சொல்லுவாங்க, ஆணா பொண்ணான்னு கேக்குறதும் சொல்றதும் 1994 சட்டப்படி குத்தம். கர்ப்பமான பிறகு ஓடாதீங்க, பிழைய கண்டுபிடிக்கவே வாரக்கணக்காகும்.

செலவு எவ்ளோ? காப்பீட்டுல வருமா?

எக்ஸோம்னா பத்தாயிரங்கள்லதான் பேசணும், லேபுக்கு லேப் வித்தியாசம், ஒரு பிழைய மட்டும் தேடுறதுன்னா அதுல சின்ன பங்குதான். நாங்க கைக்காசு போட்டோம். முதலமைச்சர் காப்பீட்டு திட்டத்துல டயாலிசிஸும் கிட்னி மாத்துறதும் வருது, டெஸ்ட்டுக்கு உங்க ஆஸ்பத்திரி காப்பீட்டு கவுண்டர்ல நேர்ல கேட்டுடுங்க.

ஜீன் ரிப்போர்ட் இருந்தா மெடிக்கல் இன்சூரன்ஸ் குடுக்க மாட்டானா?

ஜீன் நோய்னாலே கிளைம் கெடையாதுன்னு பொத்தாம்பொதுவா தள்ளுறது தப்புன்னு 2018ல டெல்லி ஹைகோர்ட் ஒரு கேஸ்ல சொல்லிச்சு, அதுக்கப்புறம் இன்சூரன்ஸ் ஆணையமும் அந்த மாதிரி ஷரத்துக்கு கடிவாளம் போட்டுச்சு. ஆனா ஏற்கனவே இருக்குற நோய மறைச்சு பாலிசி எடுத்தா அது வேற வம்பு. மறைக்காதீங்க.

ஏப்போஎல்1னு ஒரு ஜீன் பத்தி யூடியூப்ல பாத்தேன், நமக்கும் எடுக்கணுமா?

அது மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளி ஆளுங்ககிட்ட இருக்குறது. அங்க ஒரு வகை ஈ கடிச்சு வர்ற தூக்க நோய்லருந்து காப்பாத்துற மாற்றம், ரெண்டு சேந்துட்டா கிட்னிக்கு எமன். நமக்கு வேலை இல்ல.

கல்யாணத்துக்கு பாக்குறப்ப சொல்லணுமா?

நான் சொன்னேன். ரிசல்ட் வந்த ஆறாவது மாசம் பொண்ணு பாக்க போனோம், அம்மா கைய பிடிச்சு கெஞ்சுனாங்க சொல்லாதடான்னு. ரெண்டு எடம் தட்டிப்போச்சு. மூணாவது எடத்துல பொண்ணே கேட்டா, "எப்ப வரும்?" "அம்பது வாக்குல வரலாம்." "அதுக்கு இன்னும் இருபது வருஷம் இருக்குல்ல." அவ நர்ஸ், அதான் அந்த தைரியமோ என்னவோ.

சொந்தக்காரங்ககிட்ட சொன்னா கேக்க மாட்டேங்குறாங்க, என்ன பண்றது?

எங்க சித்தப்பாவே கேக்கல. அப்பாவோட கூடப்பொறந்த தம்பி, அவருக்கும் ரெண்டுல ஒரு வாய்ப்பு, போய் சொன்னதுக்கு "எனக்கு ஒன்னுமில்ல, உங்க வீட்டு நோய எங்க வீட்டுக்கு கொண்டு வராத"ன்னுட்டாரு. மூணு வருஷம் பேச்சுவார்த்தை இல்ல. வற்புறுத்த யாருக்கும் உரிமை கெடையாது, தெரிஞ்சுக்க வேணாம்னு நெனைக்குறதும் அவங்க இஷ்டம். ஆனா ஜீன் டெஸ்ட்னு ஆரம்பிக்காதீங்க, அந்த தப்ப நான் பண்ணேன். பிபி பாருங்க, ஒரு ஸ்கேன் எடுங்க, அவ்ளோ மட்டும் சொல்லுங்க. வலி மாத்திரைய மெடிக்கல்ல சும்மா வாங்கி முழுங்காதீங்கன்னும் சேத்து சொல்லுங்க.

போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு அவரு பையன், திருப்பூர்ல பனியன் கம்பெனில கட்டிங் மாஸ்டர், போன் பண்ணான். கம்பெனில ஏதோ கேம்ப் போட்டிருக்காங்க, பிபி 160னு சொல்லியிருக்காங்க, இவனுக்கு வயசு 31. "அண்ணே, அந்த ஸ்கேன் எங்க எடுத்தீங்க, அப்பாகிட்ட சொல்லிராதீங்க." லொகேஷன் அனுப்பிட்டேன், தண்ணி நெறைய குடிச்சுட்டு யூரின அடக்கிட்டு வாடான்னு சொல்லியிருக்கேன், அப்பாவோட ரிப்போர்ட்டுல அந்த பிழை எழுதியிருக்குற பக்கத்த ஜெராக்ஸ் எடுத்து வச்சிருக்கேன், ஞாயித்துக்கிழமை வர்றான்.